தங்கை இழந்த வீடு

ஹெப்பகோடியில் தங்கை வீணா வாங்கிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்தன்று, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு காந்தா பாதியிலேயே கிளம்பிவிட்டாள். வலி வயிற்றில் இல்லை. தங்கையின் சமையலறை அலமாரிக் கதவு தொட்டதும் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. பால்கனியில் ஊஞ்சல் வேறு. காந்தாவோ அல்சூரில், மழை வந்தால் ஒழுகும் பழைய வீட்டில், கணவனோடும் அப்பாவோடும் இருந்தாள். ஒரு கிளினிக்கில் வரவேற்பு வேலை. கடன் என்றாலே பயம்.

சில வருடங்கள் கழித்து வீணாவின் வாசற்கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியது. அவள் கணவன் விக்கி நல்ல வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கியிருந்தான். அது மூழ்கியதும் வீட்டுக்கடன் தவணைகள் நின்றுபோயின.

செய்தி கேட்டபோது காந்தாவுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. அதற்காக வெட்கப்படக்கூட அப்பா நேரம் கொடுக்கவில்லை.

"இந்த வீட்ட வித்து அவ கடன அடச்சிடலாம்மா," என்றார் ஆதிகேசவன். "நாம எங்கயாவது சின்னதா வாடகைக்குப் போயிடலாம்."

"விக்கி வேலைய விட்டப்ப என்னக் கேட்டா விட்டான்?"

"பேங்க்காரன் மட்டும் யோக்கியமா? கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தான். அப்புறம் வட்டிய ஏத்திக்கிட்டே போனான். எல்லாத்தையும் அவ தலையிலயே கட்டினா எப்படி?"

"அப்ப பேங்க்காரன் தலையில கட்டுங்க. என் தலைதான் கெடச்சுதா?"

"அவ சின்னப் பொண்ணும்மா."

இந்த வாக்கியத்தைக் கேட்டே காந்தா வளர்ந்தாள். பி.யு.சி. முடித்ததும் அவள் வேலைக்குப் போனாள். வீணா இன்ஜினியரிங் படித்தாள். அப்போதும் காரணம் இதுதான். ஆனால் அல்சூர் வீடு இறந்துபோன அம்மாவின் பெயரில் இருந்தது. காந்தா கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது.

முடியாது என்று தங்கையின் முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டும் என்றே ஞாயிற்றுக்கிழமை ஹெப்பகோடிக்குப் போனாள். பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளைக் கூர் தீட்டி வைத்திருந்தாள்.

வீணா பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும், "அப்பா போன் பண்ணாரு. நீ கையெழுத்துப் போடாதக்கா," என்றாள்.

காந்தா கைப்பையை அப்படியே கீழே வைத்தாள்.

"லோன் பேப்பர்ல நானும்தான் கையெழுத்துப் போட்டேன். விக்கி வேலைய விடறேன்னப்ப சரின்னு தலையாட்டினதும் நான்தான். அதுக்கு நீ ஏன் தெருவுக்கு வரணும்? உனக்கு இருக்கறது அந்த வீடு ஒண்ணுதான்."

கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது. மறுக்க வந்தவள் இவள். பெருந்தன்மைப் பெயரோ தங்கைக்குப் போய்ச் சேர்ந்தது. வேறு வழி தெரியாமல் காந்தாவும் உட்கார்ந்து டம்ளர்களைச் சுற்றினாள்.

ஹெப்பகோடி வீடு ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போனது. அதற்குப் பிறகும் கடனில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாவும் விக்கியும் தொம்மலூரில் ஓர் இடுக்கு வீட்டுக்குக் குடிபோனார்கள். விக்கி மறுபடி வேலைக்குச் சேர்ந்தான். இருவரும் சேர்ந்து மிச்சத்தைக் கட்டினார்கள்.

அப்பா இப்போதெல்லாம் காய்கறி வாங்கிக்கொண்டு அடிக்கடி தொம்மலூர் போகிறார். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் சின்னப் பொண்ணு யார் சொத்தையும் தொடல. வைராக்கியக்காரி," என்கிறார்.

ஒரு நாள் அவர் செருப்பு மாட்டும்போது காந்தா கேட்டுவிட்டாள்.

"இத்தன வருஷமா உங்களப் பாத்துக்கறேனே, என்னப் பத்தி யார்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கீங்களாப்பா?"

அவர் குழம்பிப்போய் நிமிர்ந்தார். "உனக்கென்னம்மா? நீ நல்லாத்தான இருக்க."

பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் வீணாவுக்கென்று வாங்கிய கறிவேப்பிலை மேஜையிலேயே கிடந்தது. காந்தா அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஓடும்போதே, எதற்கு ஓடுகிறோம் என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.