பதினேழு விநாடி சாவித்திரி

நெமிலிச்சேரித் தண்டவாளத்துக்கு இருபதடி தள்ளி வீடு. ரயில் போனால் அடுப்பிலிருக்கும் இட்லி தானாகத் தட்டுக்கு இறங்கும். ஆவடி வரைக்கும் ஆட்களுக்குப் பல் கூசும். ஆனால் துலுக்கானத்துக்கு அந்த ரயில் கேட்டு முப்பது வருடமாகிறது. அதில் அவருக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. மனைவி சாவித்திரி போய் இரண்டு வருடம். அவள் குரலென்று மிச்சமிருப்பது கைப்பேசியில் பதினேழு விநாடி: “இன்னாய்யா, எங்க கீற? வரும்போது கொத்தமல்லி வாங்கினு வா. வாடிப்போனத தூக்கினு வராத.” தொழிற்சாலையில் சங்குக்கு வேலை பார்த்த பழக்கம், காலை ஏழு அடித்ததும் காபியோடு அதைப் போட்டுவிடுவார். கொஞ்ச நாளாகக் காபி தீர்ந்திருக்கும், குரலும் முடிந்திருக்கும், ஒரு வார்த்தை காதில் விழுந்திருக்காது. காது டாக்டரோ, பூந்தமல்லியில் கொசு கொட்டாவி விட்டாலும் இந்தக் காதுக்குக் கேட்கும் என்று அனுப்பிவிட்டார்.

மாடியில் குடியிருக்கும் சபீனா மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அவளிடம் போனார். மூளையில் ஒரு கூட்டம் செல்கள் மற்றவற்றை உசுப்பிவிடும், இன்னொரு கூட்டம் அடக்கும் என்றாள். அடக்குகிற கூட்டம் இல்லாவிட்டால் ஒரே கூச்சலாகி வலிப்பே வந்துவிடுமாம். தினமும் ஒரே நேரத்தில் ஒரே சத்தம் வந்தால், அந்தக் கூட்டம் பழகிக்கொண்டு, வரும்போதே அதன் வாயைப் பொத்திவிடுமாம். ரயிலுக்கும் அதுதான் கதி.

துலுக்கானம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அவ இருக்கசொல்லவும் இப்டித்தானாம்மா?”

சபீனா, சத்தம் எதிர்பாராமல் வந்தால் அடக்குகிறவை ஏமாந்துபோகும் என்று மட்டும் சொன்னாள்.

அவர் பதிவை அவளுக்கு அனுப்பிவிட்டு, தன்னுடையதை அழித்தார். அதற்குள் விரல் நூறு முறை பின்வாங்கியது.

“எப்பனா போன் போட்டு இத்த உடும்மா. முன்னாடியே சொல்லிடாத.”

அப்புறம் காலையில் காபி மட்டும்தான். வீட்டின் அமைதி தாங்காமல் பல்லிகூடப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. சபீனா கூப்பிட்டதெல்லாம் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லத்தான்.

இருபத்து மூன்றாம் நாள், பட்டாபிராம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது கைப்பேசி அடித்தது. மோட்டார்தான் என்று எடுத்தார்.

“இன்னாய்யா, எங்க கீற?”

“மார்க்கெட்ல கீறேன்” என்றார்.

ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. ‘தூக்கினு வராத’வுக்கு அப்புறம் ஒரு மூச்சு. அதற்கும் அப்புறம், எழுநூறு தடவை போட்டும் அவர் கேட்டிராத ஒன்று:

“சரி, பாத்து வா.”

கடைக்காரர் முனகமுனக, இருந்த கொத்தமல்லியையெல்லாம் கிளறி, வாடாத கட்டாக ஒன்று எடுத்தார். வீட்டில் காட்ட ஆளில்லை. சொம்புத் தண்ணீரில் நிறுத்தி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

அரக்கோணம் வண்டி போனது. சுவர் அதிர, கடைசிப் பெட்டி வரைக்கும் அவருக்குக் கேட்டது.