ஒரே அச்சில் நால்வர்

செவ்வாய்க்கிழமை, மாலை நாலு பத்து. பொம்மை சுடும் சூளைக்குள் வண்டி ஐந்து மணிக்குப் போகும். தவறவிட்டால் அடுத்த வாரம்தான்.

வேல்விழி நான்கு பொம்மைகளையும் வண்டியின் கடைசித் தட்டில் வைத்தாள். மனு, மன்னுஸ், மினோஸ், மேனஸ். கடலூரில் ஒரு பள்ளி நூலகத்துக்கு. இத்தனை வருடம் அடுத்தவர் அச்சில் வேலை செய்தவள். இது அவளுடைய அச்சு. பிடித்திருந்தால் நாற்பது செட் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

நால்வருக்கும் முகம் ஒன்றே. கொண்டை, கம்பளிக் குல்லா, கிரீடம், உயரத் தொப்பி என்று தலைக்கு மேலே மட்டும் தனியாகப் பிடித்து ஒட்டியிருந்தாள். அடியில் ஒரு மண்பலகை. அதில் கீறிய வரி: ‘நான்கு தேசம், ஒரே பெயர்.’

சூளையைப் பார்த்துக்கொள்ளும் சாமிதுரை குனிந்து படித்தான்.

“யாருக்கா இவங்கள்லாம்?”

“மனு நம்ம பக்கத்து மொத மனுசன். மன்னுஸ் ஜெர்மன்காரங்களோட மொத மனுசன். மினோஸ் கிரீட் தீவுக்குச் சட்டம் போட்ட மொத ராஜா. மேனஸ் எகிப்துக்கு மொத ராஜா. எங்கெங்கயோ இருக்காங்க, பேரப் பாரு.”

“மூஞ்சியும் பாத்தன். நாலும் உங்க வூட்டுக்கார மாமா ஜாடை.”

ராஜஸ்ரீ ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தாள். வேல்விழியோடு படித்தவள். இப்போது கல்லூரியில் மொழியியல் நடத்துகிறாள். பொம்மைகளைப் பார்க்கத்தான் வந்தாள். பலகையைப் படித்ததும் முகம் மாறியது.

“ஏண்டி, இத யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நானா பாத்தேன்.”

“மனுவும் மன்னுஸும் சொந்தம்னு சொல்றாங்க. சமஸ்கிருதமும் ஜெர்மனும் ஒரே பாஷைக் குடும்பம். எகிப்து வேற குடும்பம். கிரீட்டோட ரொம்பப் பழைய எழுத்த இன்னும் ஒருத்தரும் படிக்கவே இல்ல.”

“இவ்ளோ ஒத்துப்போவுதே.”

சாமிதுரை சிரித்தான். “எங்க ஊரு பஸ்ஸுல கொளஞ்சின்னு கூப்ட்டா பாதி பஸ்ஸு திரும்பும். எல்லாம் ஒரு வூட்டுப் புள்ளைங்களா?”

“அது கொளஞ்சியப்பர் சாமிக்கு வேண்டிக்கிட்டு வெக்கிற பேருடா. காரணம் இருக்குது.”

“அதத்தான் கேக்கறேன்,” என்றாள் ராஜஸ்ரீ. “இவங்களுக்கு எந்தக் கொளஞ்சியப்பர்?”

மணி நாலு நாற்பது. சுட்டுவிட்டால் எழுத்தைத் தொட முடியாது.

“வுடுங்கக்கா. பசங்களுக்கு என்னா தெரியப்போவுது?”

“பசங்கதான படிக்கப்போறாங்க,” என்றாள் வேல்விழி.

கத்தியை எடுத்தாள். பலகை காய்ந்திருந்தது. சுரண்டச் சுரண்ட, எழுத்து இருந்த மண் மாவாக உதிர்ந்தது. ஊதிவிட்டாள்.

வேல்விழி பள்ளி நூலகர் மதிவதனியைப் போனில் கூப்பிட்டாள். கையெல்லாம் மண், ஸ்பீக்கரில் போட்டு, வரியை எடுத்துவிட்டதைச் சொன்னாள்.

“நீங்க அனுப்புன போட்டோல அந்த வரியப் பாத்துத்தாங்க எங்க ஹெச்செம் நாப்பது செட்டு சொன்னாரு.”

“தெரியும்ங்க. ரெண்டு பேருதான் சொந்தமாம். மத்த ரெண்டு பேரு தெரியலங்க. தெரியாதத எழுதக் கூடாதில்ல?”

போனில் பள்ளி மணிச் சத்தம் கேட்டது. சாமிதுரை வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான்.

“சரிங்க, சொந்தமே இல்லன்னு வெச்சுக்குவோம்,” என்றாள் மதிவதனி. “அப்புறம் ஏங்க நாலு பேருமே அவங்கவங்க ஊருக்கு மொத ஆளா இருக்காங்க?”