உள்மடிப்பு

கைப்பேசியால் உயரம் குறையாத ஒரே மாணவன் இந்த உலகத்தில் தான் மட்டுமே என்று, புள்ளியியல் இரண்டாமாண்டு படித்த, ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர் வாங்கியிருந்தவன், விடுதி அறிவிப்புப் பலகையின் உச்சியில் எழுதி ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்தும் இட்டான். உயரம் ஆறடி ஒன்றரை அங்குலம் என்ற குறிப்பும் இருந்தது. யாரும் கிழிக்கவில்லை. மற்றவர்களுக்கு எட்டவில்லை.

உயரம் குறைவது அந்தப் பல்கலைக்கழகத்தில் சளி பிடிப்பதுபோல் வழக்கமாகியிருந்தது. கைப்பேசியில் ஒருவருடைய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்து, அங்கிருந்து பதில் எதுவும் வராவிட்டால் வாரத்துக்கு அரை அங்குலம் போகும். தேர்வு சமயத்தில் முக்கால் அங்குலம் என்று நர்ஸம்மாவின் பதிவேடு சொல்கிறது. நிர்வாகம் முதல் ஆண்டில் குழு அமைத்தது, அடுத்த ஆண்டில் கைகழுவும் தொட்டிகளைத் தாழ்த்தியது, அதற்கடுத்த ஆண்டில் லிஃப்டுக்குள் ஒரு முக்காலி போட்டது. உருப்படியாக ஏதாவது செய்தவர் வாசலுக்கு எதிரே கடை வைத்திருந்த தையல்காரர்தான். நீளம் குறைக்கக் கொண்டுவரும் பேண்ட்டை அவர் வெட்டவே மாட்டார். உள்ளே மடித்துத்தான் தைப்பார். "வெட்டிட்டா, திரும்ப வளரும்போது என்னடா பண்ணுவீங்க?" என்பார்.

ஒட்டடைக்குச்சியின் அறைத்தோழனும் நல்ல உயரம்தான். பள்ளியில் கூடப் படித்து வெளிநாடு போய்விட்ட ஒருத்திக்கு அவன் தினமும் "சாப்டியா?" என்று அனுப்பினான். அவள் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறிகள் வந்தன, வேறொன்றும் வரவில்லை. ஞாயிறுதோறும் ஒட்டடைக்குச்சி அவனைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டான்.

"டேய், அவ சாப்ட்டு ஏப்பமும் விட்டுட்டா. இப்படியே தேஞ்சேன்னா உன்னை ஜியாமெட்ரி பாக்ஸ்ல வெச்சுதான் கிளாசுக்குத் தூக்கிட்டுப் போகணும்."

"சாப்டாளான்னு தெரிஞ்சா போதும்டா."

"தெரிஞ்சு? ஹோட்டல் வைக்கப் போறியா?"

அறைத்தோழன் சிரித்தான். கோடு இறங்கிக்கொண்டே வந்து கதவின் தாழ்ப்பாளைத் தொட்ட வாரம், அவனுடைய அப்பா வந்தார். மகனை இடுப்பில் தூக்கிவைக்கப் பார்த்தார். அவன் வெட்கப்பட்டதால் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். படிக்கட்டில் அவன் திரும்பி, "போய்ச் சேந்ததும் மெசேஜ் போடுறேன்டா" என்றான்.

"போடலைன்னா நான் ஒண்ணும் குள்ளமாயிட மாட்டேன், போடா."

ஊருக்குப் போனதும் அப்பா கைப்பேசியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். விடுதியில் அது யாருக்கும் தெரியாது. இங்கே ஒட்டடைக்குச்சி அனுப்பிய "சேந்துட்டியா?" ஒற்றைக் குறியோடு நின்றது. மறுநாள், "என்னடா?" அதற்கும் ஒற்றைக் குறி. அறைத்தோழனின் பக்கத்தில் கடைசியாக இருந்தது, மொட்டைமாடியில் இருவரும் ஈரச் சட்டைகளைப் பிழியும் படம். ஒட்டடைக்குச்சி அதைக் காலையில் பல் துலக்கும் முன்பும் துலக்கிய பின்பும் பார்த்தான். பேண்ட்டைத் தானே மடித்து ஊக்கு குத்திக்கொண்டான். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ வாங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு நிலைக்கு முதுகைக் காட்டாமல் நடந்தான்.

ஐந்தாம் மாதம் அறைத்தோழனின் அப்பா வார்டனுக்கு போன் செய்தார். பையன் வளர்ந்துவிட்டான், நேற்று நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு நெற்றி புடைத்துவிட்டது என்று பெருமை தாங்காமல் சொன்னார். போன் இன்னும் பீரோவில்தான், படிப்பும் இனி உள்ளூரிலேயே. வார்டன் சாப்பாட்டுக் கூடத்தில் அதை அறிவித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விட அதிக நேரம் தட்டியவன் ஒட்டடைக்குச்சி. பிறகு தன் அறிவிப்பைக் கிழித்துவிடலாம் என்று பலகைக்குப் போனான். எட்டவில்லை.

அன்று மாலை பேண்ட்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனான். தையல்காரர் அளவு நாடாவை எடுத்து, அவன் காலடியில் குனிந்தார்.

"பத்து அங்குலம்" என்றார்.

"மடிச்சுத்தானே தைப்பீங்க, அண்ணா?"

"வேற எப்படி?"

மெஷின் ஓடத் தொடங்கியது. அவன் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தான். அறைத்தோழனின் போன் பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பது தெரிந்தும், அவனுக்கு "சாப்டியா?" என்று தட்டி அனுப்பினான்.