ஃபேன் நாற்காலி

பாலத்தின் முனையில் தடுப்புக் கம்பை ஏற்றி இறக்குவதுதான் என் வேலை. அதற்கு மூளை வேண்டாம், கை இருந்தால் போதும். நகரத்தின் கிழக்குப் பக்கம் காய்ச்சல் பரவிய பிறகு, அங்கிருந்து மேற்கே வருகிற எவரும் சோதிக்கப்படாமல் நுழையக் கூடாது என்றார்கள். நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்துப் பார்க்க ஒரு பெண்ணைப் போட்டார்கள். எல்லாரும் அவளை நர்சம்மா என்றார்கள். நான் நர்ஸ் இல்லை, கொஞ்சம் பயிற்சி கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

வேகாத வெயிலில் அந்த நீளப் பாலத்தை நடந்து கடந்தால் யார் நெற்றிதான் சுடாது? வெப்பமானியில் சிவப்பு எரிந்தால் ஆளை வேனில் ஏற்றி முகாமுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவு எழுதியவர் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். ஆகவே நாங்களே ஒரு வழி பண்ணினோம். கூடாரத்துக்குள் ஒரு நாற்காலி போட்டு எதிரே ஒரு ஃபேனை வைத்தோம். சிவப்பு எரிந்தவரை அதில் சற்று நேரம் உட்கார வைத்துவிட்டு மறுபடி பார்த்தால் பெரும்பாலும் பச்சை எரியும். காற்று வாங்கிவிட்டுப் போங்கள் என்று நானே வாயெல்லாம் பல்லாக எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன்.

அப்படிக் காற்று வாங்கிப் போன ஒரு பெயின்டருக்கு நிஜமாகவே காய்ச்சல் இருந்திருக்கிறது. வியர்த்த நெற்றியில் ஃபேன் காற்று பட்டால் மேலே குளிரும். உள்ளே கொதிப்பது கொதித்துக்கொண்டேதான் இருக்கும். இது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவே இல்லை. அவர் குடியிருந்த சந்தில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். அவர் மனைவி செத்துப்போனாள்.

சேதி வந்த அன்று நர்சம்மா ஃபேன் வயரைப் பிடுங்கிச் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளினாள். இனி ஒரே தடவைதான் பார்ப்பேன், சிவப்பு என்றால் வேன்தான் என்றாள். மேலதிகாரியும் தலையாட்டினார். அவருக்கென்ன, தலைதானே.

அவளுடைய அக்கா கிழக்கே ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்தாள். கட்டியவன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து மேற்கே தங்கச்சி வீட்டில்தான் இருந்தாள். இரண்டு பேருக்கும் வேறு நாதி இல்லை. அக்கா சரியான வாயாடி. கம்பைத் தூக்குகிற கையோடு அந்தத் தொப்பையையும் கொஞ்சம் தூக்கிக்கொள்ளக் கூடாதா என்று என்னைக் கேட்பாள். வேறு யாராவது கேட்டிருந்தால் நடக்கிறதே வேறு.

அன்றைக்குப் பாலத்தின் நடுவே ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. வரிசை அசையவே இல்லை. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் நின்றாள். மேசைக்கு வந்து சேர்ந்தபோது முகம் கன்றிப்போயிருந்தது. தங்கச்சி வெப்பமானியைப் பிடித்தாள். சிவப்பு எரிந்தது.

அக்கா சிரித்தாள். "இந்த வெயில்ல நின்னா உன் மெஷினுக்கே காய்ச்சல் அடிக்கும் பாப்பா. கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."

நாற்காலி அங்கேயே கிடந்தது. நான் மேசைக்கு அடியில் குனிந்து வயரை எடுத்தேன். "ஒரே ஒரு தடவை போட்டுர்றேன்மா. அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு பாத்தாலே தெரியுது."

"வேண்டாண்ணே. காலைல ஒரு அம்மா கைக்குழந்தைய வீட்ல விட்டுட்டு வந்திருக்கேன்னு கதறினாங்க. அவங்கள வேன்ல ஏத்திட்டேன். இவளுக்கு மட்டும் ஃபேன் போட்டா நான் என்ன மனுஷி?"

எனக்கு அவள்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. அக்கா திட்டவில்லை. டிபன் பாக்ஸைத் தங்கச்சி கையில் கொடுத்தாள்.

"கழுவி வை. நாளைக்கு வந்துருவேன்."

முகாம் என்பது ஒரு பள்ளிக்கூடத்து ஹால். முடிவு வரும்வரை நோய் உள்ளவரும் இல்லாதவரும் அதில்தான் ஒட்டி ஒட்டிப் படுக்க வேண்டும். அக்காவுக்கு நோய் இல்லை என்று முடிவு வந்தது. வீட்டுக்கு அனுப்ப வேண்டிய டாக்டர் வரவில்லை. அவர் சாவகாசமாக வந்து சேர்ந்தபோது அக்கா இருமத் தொடங்கியிருந்தாள். மறுபடி சோதித்தார்கள். இந்தத் தடவை நோய் இருந்தது. அந்த ஹாலிலேயே செத்தாள். தங்கச்சியை முகம் பார்க்கக்கூட விடவில்லை.

நர்சம்மா வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்தால் டிபன் பாக்ஸ் கண்ணில் படுகிறது என்றாள்.

அந்த வாரமே புது உத்தரவு வந்தது. முகாமில் இடம் இல்லையாம். வெயிலில் வருகிறவர்களைக் காற்றோட்டமாக உட்கார வைத்து இரண்டாம் முறை பார்க்க வேண்டுமாம். மேலதிகாரியே குனிந்து வயரை எடுத்துச் சொருகிவிட்டுப் போனார்.

ஃபேன் சுற்றியது. முதலில் சிவப்பு எரிந்தவர் ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி. நாற்காலியில் உட்கார்ந்து வியர்வை காயும்வரை காத்திருந்தார். இப்போது பச்சை எரிந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா? வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு, அதான் கேக்குறேன்."

அவள் வெப்பமானியைப் பார்த்தாள். அவர் நெற்றியைப் பார்த்தாள்.

"தெரியலண்ணே."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பச்சை எரிந்தால் தூக்க வேண்டும். நான் கம்பைத் தூக்கினேன்.