உப்புப் பார்க்காத கறி

இந்த உயிர்த்த ஞாயிற்றுக்கு மந்திரிக்கும் சாப்பாட்டுக் கூடையைத் தானே கோயிலுக்குக் கொண்டுபோகப் போவதாகப் புவனேந்திரன் சொன்னபோது அவருடைய கொழுந்தியா பிலோமினா நம்பவில்லை. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் அவரைக் கத்தோலிக்கக் கோயில் வாசலில் கண்டவர்கள் யாருமில்லை. கலாராணியைக் கட்டிய பிறகும் அவர் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே இருந்த மாரியம்மனைத்தான் கும்பிட்டார். அவள் தன் கூடையைத் தனியாகச் சுமந்து போவாள், ஃபாதர் மந்திரித்துத் தந்ததும் தனியாகவே சுமந்து வருவாள். தை மாதம் காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

"அவ பேருல ஒரு வாட்டியாவது நல்லபடியா மந்திரிச்சு வாங்கணும் பிலோமி. கோழிக்கறியும் நாந்தான் வைப்பேன்," என்றார்.

பெரிய சனிக்கிழமை பிற்பகல் பிலோமினா லுணுகலையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். முட்டைகளை அவித்தாள். பணிஸ் ரொட்டிகளை வெள்ளைத் துணியில் சுற்றிக் கூடையில் அடுக்கினாள். புவனேந்திரன் அடுப்படியில் வியர்த்துக்கொண்டு நின்றார்.

"உப்பு சரியான்னு கொஞ்சம் பாரு."

"நல்ல ஆளக் கேட்டீங்க மச்சான். நான் ஒருசந்தி விரதமில்ல? நாளைக்கு மந்திரிக்கிற வரைக்கும் கறி வாயில படக்கூடாது. நீங்களே பாருங்க. ஒங்கள யாரு கேக்கப் போறா?"

அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றது.

"ஒங்க அக்காவும் இப்படித்தானா?"

"பின்ன எப்படி? சின்ன வயசுலருந்து அதுதான் பழக்கம்."

ஒவ்வொரு பெரிய சனிக்கிழமையும் கலாராணி அகப்பையோடு முன்னறைக்கு வருவாள். "கையக் காட்டுங்க, கொஞ்சம் உப்புப் பாருங்களேன்," என்பாள். அவர் டீவியில் கிரிக்கெட்டைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். "சமைக்கிறவளுக்குத் தெரியாத உப்பு எனக்கா தெரியப்போவுது?" அவள் சற்று நேரம் நிற்பாள். பிறகு அகப்பையில் இருந்ததைச் சட்டியிலேயே ஊற்றிவிடுவாள்.

மறுநாள் விருந்தாளிகள் முன்னால் அவர் பாட்டைத் தொடங்குவார். "எங்க வீட்டுக் கோழி திருகோணமலைக் கடல்ல நீந்திட்டு வந்திருக்கு, தண்ணிய பக்கத்துல வச்சுக்கங்க." உப்புக் குறைந்த வருஷங்களில், "ஆஸ்பத்திரிச் சாப்பாடு, ஒடம்புக்கு நல்லது," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். கலாராணியும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். மற்ற நாட்களில் அவள் கறியில் உப்புக் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அது ஏன் என்று அவர் ஒரு நாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றார் புவனேந்திரன்.

"நானும் அதத்தான் கேட்டேன் மச்சான். 'சொன்னா ஒருசந்தியையும் சேத்துக் கேலி பண்ணுவாருடி, அது என் உப்போட போகட்டும்'னுச்சு."

சொன்ன பிறகுதான் பிலோமினாவுக்குச் சங்கடமாயிற்று. கூடையின் துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

புவனேந்திரன் அகப்பையை எடுத்து உள்ளங்கையில் ஒரு துளி விட்டார். துளி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வெளியே தண்ணீர் விழும் பீலியடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, குத்துமதிப்பாக ஒரு பிடி உப்பைப் போட்டுச் சட்டியை இறக்கினார்.

"பாத்தீங்களா?" என்று கேட்டாள் பிலோமினா.

"போட்டுட்டேன்."

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் நீளப் பலகையில் கூடைகளை வரிசையாக வைத்தார்கள். எப்போது முழந்தாளிடுவது, எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் புவனேந்திரன் நின்றுகொண்டே இருந்தார். ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது அவருடைய சட்டையிலும் நாலு துளி விழுந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் கலாராணியின் கூடையை அடையாளம் கண்டுகொண்டு அவருக்கு வழிவிட்டார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு வழக்கம்போல ரெங்கசாமி வந்தார். தேயிலை ஃபெக்டரியில் அவரோடு வேலை பார்த்தவர். வருஷா வருஷம் அந்தக் கேலிக்கு முதலில் சிரிப்பவரும் அவர்தான். ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர்க் கோப்பையை எடுத்துப் பாதியைக் குடித்தார். பிலோமினா தன் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

புவனேந்திரன் காத்திருந்தார். கடல் என்றோ ஆஸ்பத்திரி என்றோ யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"எப்படி இருக்கு? சொல்லுப்பா," என்றார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் ரெங்கசாமி, தயங்கித் தயங்கி. "எறக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா உப்புப் பாத்திருக்கலாம்."

"பாத்திருக்கலாம்," என்று சொல்லிப் புவனேந்திரன் இன்னும் ஒரு கரண்டி கறியைத் தன் சோற்றில் போட்டுப் பிசைந்தார்.