சப்பாத்தைக் கழற்றிய ஆட்டம்

யாகப்பர் மாஸ்டர் வருவதைக் கண்டி மிஷன் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவருடைய சப்பாத்து முன்கூட்டியே வந்து சொல்லிவிடும். கீச், கீச் என்று அது படியேறும்போதே பின்வாங்கில் நடக்கும் சகல அட்டூழியங்களும் நின்று, வகுப்பு கணக்குப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்ளும்.

சீமைக்குக் கப்பலேறிய பழைய பாதிரியார், தாம் போட்டுத் தேய்த்த அந்தச் சப்பாத்தை மாஸ்டருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெரிய பாதம் அவருக்கு. மாஸ்டர் முன்பக்கத்தில் கந்தல் துணி திணித்துப் போட்டுக்கொண்டார். போட்டவர் அதற்குப் பிறகு கழற்றவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கண்டியில் சப்பாத்துப் போட்ட தமிழன் என்றால் ஊர் ஒதுங்கி வழிவிடும். அந்த வழியை விட மாஸ்டருக்கு மனம் வரவில்லை.

"பூசைக்குப் போனாலும் சப்பாத்து, கிணத்தடிக்குப் போனாலும் சப்பாத்து. பாயிலயும் போட்டுக்கிட்டே படுத்துருங்களேன்" என்பாள் அவர் மனைவி பெற்றீசியா. அதையும் அவர் யோசித்துப் பார்த்திருப்பார்.

கால்பந்து மாஸ்டர் பதவியும் சப்பாத்தால் கிடைத்ததுதான். புதிதாக வந்த பாதிரியார் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தோல் பந்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஆசிரியர்களை வரிசையாகப் பார்த்தார். அவர் பார்வை முகங்களில் நிற்காமல் கீழே இறங்கிக் கால்களில் போய் நின்றது. சப்பாத்து ஒரே ஒருவர் காலில்தான் இருந்தது. அவ்வளவுதான் பரீட்சை.

ஆட்டத்தைப் பற்றி மாஸ்டருக்குத் தெரிந்தது கொஞ்சம். பந்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டும், கையால் தொட்டவன் பாவி. மற்றதை எல்லாம் தொண்டையால் சமாளித்தார். மைதான ஓரத்தில் நின்றுகொண்டு "போ! விழு! எழும்பு! போ!" என்று கத்துவார். பையன்களும் போனார்கள், விழுந்தார்கள், எழும்பினார்கள். நல்ல பையன்கள்.

காப்பி இலையில் மஞ்சள் துரு நோய் தெரியத் தொடங்கியிருந்த காலம் அது. இருந்தாலும் தோட்டத்துத் துரைமாருக்கு இன்னும் கையில் காசும் சனிக்கிழமையில் பொழுதும் மிச்சமிருந்தன. குதிரையேறிக் கண்டிக்கு வந்து போகம்பரை மைதானத்தில் பந்தடிப்பார்கள். தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு அலுத்துப்போனதும் மிஷன் பையன்களை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் பல்லேகலத் தோட்டத்துத் துரை. தலைமுடியைப் பார்த்துத் தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர் செம்பட்டைத் துரை. அவன் ஒருநாள் யாகப்பர் மாஸ்டரின் தோளில் தட்டிவிட்டுப் போனான். அன்று போட்டிருந்த கோட்டை ஒரு வாரம் துவைக்கக் கொடுக்காமல் வைத்திருந்தார் மாஸ்டர். சொல்ல எனக்கே வெட்கமாயிருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

துரைமாரின் ஆட்டத்தில் பந்தை உதைப்பது பாதி, எதிராளியின் கணைக்காலை உதைப்பது மீதி. அது ஆண்மையாம். சீமையில் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள் என்று பேச்சு. அந்தச் செய்தி மட்டும் கப்பலை விட்டு இறங்காமல் இருந்தது. அவர்கள் காலில் ஆணியடித்த சப்பாத்து. பையன்கள் காலில் தோல், அதுவும் சொந்தத் தோல்.

முதல் ஆட்டத்தில் முத்துலிங்கம் அடிபட்டான். குண்டசாலையில் காப்பிக் களத்தில் கொட்டை காயப்போடும் பாப்பம்மாவின் மகன் அவன். பள்ளியிலேயே தங்கிப் படித்தான். செம்பட்டைத் துரை விட்ட முதல் உதையில் விழுந்து, எழுந்து, நொண்டிக்கொண்டே மைதான ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே நின்ற மாஸ்டர் கைதட்டினார்.

"ஒண்ணுமில்லடா! போ!"

போனான். இரண்டாவது உதையில் எலும்பு முறிந்தது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். அது மைதான ஓரம்வரை கேட்டது.

திங்கட்கிழமை பாப்பம்மா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். களத்திலிருந்து நேராக வந்திருந்தாள். சேலையெல்லாம் காப்பித் தூசி.

"தொரய நான் ஒண்ணும் கேக்க வரல. தொர ஒதைக்கிறது இன்னைக்கு நேத்தா நடக்குது? ஒங்களத்தான் கேக்க வந்தேன் மாஸ்டரு. எம்மவன் நொண்டிக்கிட்டே ஒங்க மூஞ்சியப் பாத்தானாமே. நீங்க போன்னு சொன்னீங்களாமே."

விளையாட்டு, வீரம், பாதிரியார் என்று மாஸ்டர் ஏதோ தொடங்கினார்.

"சப்பாத்துப் போட்டவங்க எல்லாம் ஒரு பக்கம், போடாத புள்ளைங்க எல்லாம் ஒரு பக்கம். நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. மாஸ்டர் வகுப்புக்குத் திரும்பியபோது சப்பாத்து கீச்சிட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தச் சத்தம் அவருக்கு நாராசமாயிருந்தது.

அதற்குள் பாதிரியார் மறு ஆட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார். பள்ளிக்கூடக் கூரைக்குத் துரைமார் உதவுவதாகச் சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் போய், பையன்களின் கால்களைப் பற்றி மெல்ல எடுத்துச் சொன்னார்.

"அடிபடுவது குணத்தை வளர்க்கும்" என்றார் பாதிரியார்.

பாதிரியாருடைய குணம் எப்படி வளர்ந்தது என்று மாஸ்டருக்கு விளங்கவில்லை. அவர் காலில் ஒரு கீறல்கூட இல்லை. சரி, நான் மாட்டேன் என்று பதவியை விட்டெறியலாம். விட்டெறிந்தால் அதைப் பொறுக்கிக்கொள்ள ராஜலிங்கம் மாஸ்டர் காத்திருந்தார். அவர் இதைவிடப் பலமாகக் கத்துவார். பையன்கள் எப்படியும் இறங்கத்தான் போகிறார்கள், துரைமார் எப்படியும் உதைக்கத்தான் போகிறார்கள்.

மாஸ்டர் கமுகம்பாளையை வெட்டிப் பையன்களின் கணைக்காலில் கட்டிப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. இது கோழைத்தனம், கனவான்கள் சிரிப்பார்கள் என்று பாதிரியார் அவிழ்க்கச் சொல்லிவிட்டார். பிறகு, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, தன்னுடைய சப்பாத்தையே முஹ்ஸினுக்கு மாட்டிவிட்டார். பையன்களுக்குள் நல்ல ஆட்டக்காரன் முஹ்ஸின். அவன் ஓடி வந்து ஓங்கி ஓர் உதை விட்டான். பந்து அதே இடத்தில் இருந்தது. சப்பாத்து பறந்துபோய்ப் பாதிரியாரின் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

வழி தெரியாமல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குண்டசாலைக்குப் போனார். முத்துலிங்கம் பிலிமத்தலாவை முறிவு வைத்தியரிடம் கிடந்தான். அவனுடைய தாயிடம் ஏதாவது சொல்லிவிட்டு வரலாம் என்று எண்ணம். என்ன சொல்வது என்று தோணியில் ஆற்றைக் கடக்கும்வரை அகப்படவில்லை. மாரியம்மன் கோயிலை ஒட்டிய வெளியில் குறுக்கே நடந்தபோது ஒரு குரல் அவரை நிறுத்தியது.

"ஐயா! ஐயா! சப்பாத்தக் கழட்டுங்க! ஆத்தாவுக்குத் தீ மிதிக்கிற எடம்!"

கோயிற்பூசாரி சின்னமுத்துப் பண்டாரம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மாஸ்டர் முனகிக்கொண்டே கழற்றினார். அத்தனை வருஷம் மண்ணைத் தொடாத பாதம் தரையில் பட்டதும், அந்த வெளி முழுக்கப் படர்ந்திருந்த தொட்டாச்சிணுங்கி முள் ஏறியது.

"யேசுவே!" என்று அலறினார், மாரியம்மனுக்கு நேரெதிரே நின்றுகொண்டு. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெளி நல்ல நீளம், நல்ல அகலம், மேடுபள்ளம் இல்லை.

"பண்டாரம், இதுல தொரமாரும் சப்பாத்துப் போடக்கூடாதா?"

"கவர்னர் தொர வந்தாலும் கூடாதுங்க."

மாஸ்டர் பாப்பம்மாவைப் பார்க்காமலே திரும்பினார்.

மழையில் போகம்பரை சேறாகக் கிடக்கிறது, குண்டசாலையில் நல்ல மைதானம் ஒன்று இருக்கிறது, துரைமார் தோட்டங்களுக்கும் பக்கம் என்று பாதிரியாரிடம் சொன்னார். எல்லாம் உண்மை. கோயிலைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தன்று கோயில் திருவிழாவின் முதல் நாள், தீமிதிக்கு வெளியைச் செதுக்க இன்னும் நாளிருந்தது. தோட்டங்களுக்கு விடுமுறை. வெளியைச் சுற்றி ஆணும் பெண்ணுமாகச் சனம் அடைத்துக்கொண்டு நின்றது. துரைமார் வந்து இறங்கினார்கள். பண்டாரம் கற்பூரத் தட்டோடு முன்னால் போய், வளைந்து, நெளிந்து, விஷயத்தைச் சொன்னார். செம்பட்டைத் துரையின் முகம் முடியின் நிறத்துக்கு வந்தது.

அப்போதுதான் யாகப்பர் மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் குனிந்து, தன் சப்பாத்தைக் கழற்றினார். தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவது போலக் கோயில் மதிலோரம் வைத்தார். துரைமார் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலம். சாமி குற்றம் என்று ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் கொப்பில் பழுத்ததை யார் பறிப்பது? ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். மதிலோரம் சப்பாத்து வரிசை நீண்டது. பாதிரியாரும் கழற்றினார். அவருடைய காலுறையில் ஒரு பொத்தல் இருந்தது.

பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்லக் கூடாது. வெள்ளைப் பாதங்கள் தொட்டாச்சிணுங்கியில் இறங்கின. கனவான்கள் ஒற்றைக் காலில் தத்தினார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தது அதைவிடப் பெரிய பிழை. பிறந்ததிலிருந்து வெறுங்காலில் நடந்த பையன்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு பந்தோடு ஓடினார்கள். முஹ்ஸின் ஒரு கோல் போட்டான். அடுத்ததையும் அவனே போட்டான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பையன் ஒருவனுடைய கணைக்காலிலும் ஒரு கீறல் விழவில்லை. மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்தது.

நிறைந்த நெஞ்சு அப்படியே நின்றது. செம்பட்டைத் துரை வெளியேறி மதிலோரம் போய், தன் சப்பாத்தை மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். அவன் பார்வை முஹ்ஸினின் காலில் இருந்தது. பண்டாரத்தின் கற்பூரம் அணைந்துவிட்டது. பாதிரியார் திடீரென்று மகாவலி ஆற்றின் அழகை ரசிக்கத் தொடங்கினார்.

மாஸ்டர் ஓடினார். துரைமார் பாதத்துக்கும் அவர் பாதத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒவ்வோர் அடியிலும் முள் ஏறியது, ஒவ்வோர் அடிக்கும் ஒரு புனிதரைக் கூப்பிட்டார். எப்படியோ முஹ்ஸினுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"சப்பாத்தக் கழட்டுங்க தொர."

துரைக்குத் தெரிந்த தமிழே நாலு சொல்தான். "போ!" என்றான்.

அந்தச் சொல்லை மாஸ்டர் நன்றாக அறிவார். தன் வாயிலிருந்து எத்தனை தடவை வந்த சொல்.

"போக மாட்டேன்."

உதை விழுந்தது. காய்ந்த விறகு ஒடிகிற அந்தச் சத்தத்தை மாஸ்டர் மறுபடி கேட்டார். இந்தத் தடவை வெகு கிட்டத்தில். தரையில் கிடந்தவர், பழக்கதோஷத்தால், கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தார். முஹ்ஸின் அவர் தோளைப் பிடித்து அமுக்கினான்.

"எழும்பாதீங்க மாஸ்டர்! எழும்பாதீங்க!"

அதைத்தான் அன்றைக்கு முத்துலிங்கத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அழுகை வந்தது. கால்வலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சுற்றி நின்ற சனத்தின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. யாரும் கல்லெடுக்கவில்லை, கத்தவில்லை. ஒவ்வோர் அடியாக உள்ளே வந்தார்கள், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்தது என்று துரைமார் தாங்களாகவே தீர்மானித்துக்கொண்டு மதிலோரம் விரைந்தார்கள். அங்கே மதில் மட்டும்தான் இருந்தது. கோயில் வாசலில் விட்ட செருப்பு காணாமற்போவது அதிசயமில்லைதான். ஆனால் வரிசையோடு போனது அன்றுதான். செம்பட்டைத் துரையைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு குதிரையேறிப் போனார்கள். போகும்போது அவனோடு ஒருவனும் பேசவில்லை.

மாஸ்டரைப் பிலிமத்தலாவைக்குக் கொண்டுபோய் முத்துலிங்கத்துக்குப் பக்கத்துப் பாயில் போட்டார்கள். இருவருக்கும் ஒரே பச்சிலை, ஒரே மூங்கில் பத்தை. பாதிரியார் தோடம்பழத்தோடு பார்க்க வந்தார். எப்போது திரும்ப வருவீர்கள் என்று கேட்டார்.

"வாரேன் சாமி. கமுகம்பாளை கட்டாம ஒருத்தனும் எறங்க மாட்டான். அடிபட்டவன் அன்னைக்குத் திரும்பவும் எறங்க மாட்டான். சப்பாத்துப் போட்டவனோட ஆட்டம் கெடையாது."

பாதிரியார் ஜன்னலைப் பார்த்தார். அங்கே ரசிக்க ஆறு எதுவும் இல்லாததால் சரி என்றார். துரைமாரும் மறுபடி கூப்பிடவில்லை. காப்பி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவே அவர்களுக்குப் பொழுது போதவில்லை.

பாப்பம்மா மகனைப் பார்க்க வந்த அன்று, மாஸ்டருக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்திருந்தாள். அவருடைய உள்ளங்காலில் இன்னும் முள் இருப்பதைக் கண்டதும் இடுப்பிலிருந்து முள்வாங்கியை எடுத்து, கேட்காமலே காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு முள் வந்ததும் மாஸ்டர் மெல்லக் கேட்டார். "பாப்பம்மா, அந்தச் சப்பாத்தெல்லாம் எங்க போச்சுன்னு ஏதும் தெரியுமா?"

"ஆத்துல."

"என்னோடதுமா?"

"ஒங்களதுதான் மொதல்ல."

அவள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க எந்தப் பக்கம்னு அன்னைக்குக் கேட்டேன். பதிலே சொல்லலயே நீங்க. இனிமே சொல்லவும் தேவையில்ல. போட்டுக்க ஒண்ணுமில்ல, எங்க பக்கந்தான் நிக்கணும்." ஒரு முள்ளை வெடுக்கென்று பிடுங்கினாள். "ஆட்டாதீங்க, இன்னும் இருக்கு."

பக்கத்துப் பாயில் முத்துலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கால் ஆடியது, கால் ஆடினால் உயிர் போனது. ஆனாலும் அவரால் நிறுத்த முடியவில்லை.