ஓட்டைக் கல்லில் இரண்டாவது கை

நிச்சயத்தன்று ஓஸ்லா கல்லின் துளைக்குள் கையை விட்டபோது, மறுபக்கமிருந்து இரண்டு கைகள் அவள் கையைப் பிடித்தன. ஒன்று எர்லண்டுடையது. கட்டைவிரலில் தூண்டில் முள் கிழித்த தழும்பு இருந்ததால் அதில் சந்தேகமில்லை. மற்றது யாருடையது என்று தெரியவில்லை. எர்லண்டின் பக்கத்தில் வேறு யாரும் நிற்கவுமில்லை. அந்தக் கை குளிர்ந்திருந்தது, ஆனால் மரியாதையாகப் பிடித்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, எங்கள் ஆர்க்னித் தீவில் கல்யாணம் பேசியவர்கள் ஏரிக்கரைக் கல்வட்டத்துக்குப் போய், ஓட்டைக் கல்லுக்கு இரண்டு பக்கமும் நின்று கை கோத்தால்தான் வாக்கு செல்லும். பாதிரியார் செய்துவைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஓஸ்லாவுக்கு ஒளிக்கத் தெரியாது. விருந்தில் பார்லி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"அந்தக் கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான் எர்லண்டு.

"நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த 'நல்லாத்தான்' பல வருஷம் அவன் வயிற்றைப் போட்டு எரித்தது. துறைமுகத்தில் நண்டுக்கூடை இறக்குகிறவர்கள், "என்ன எர்லண்டு, உன் பங்காளி சவுக்கியமா?" என்று விசாரித்தார்கள். நாங்களும் சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் ஓஸ்லாவின் வலது கையில் அந்தக் குளிர்ச்சி தங்கிவிட்டது. கோடையிலும் அவள் எடுத்த வெண்ணெய் உருகாது. மூன்று ஊர்ப் பெண்கள் வாங்கிப் போனார்கள், எர்லண்டு மட்டும் அதைத் தொடமாட்டான். கம்பளிக் கையுறை வாங்கிவந்து மனைவிக்கு மாட்டிவிட்டான். மாடு மேய்க்க ஏரிப்பக்கம் போகவேண்டாம் என்றான்.

ஒரு கோடையில் எடின்பரோவிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்து வட்டத்தைக் கயிறு பிடித்து அளந்தார். நிலா உதிக்கும் இடத்தைக் குறிக்க நட்ட கற்கள் என்றார். மறு கோடையில் வந்தவர் இடுகாடு என்றார். அதற்கடுத்தவர் சந்தை கூடிய இடமாக இருக்கலாம், பகையாளிக் குலங்கள் சமாதானம் பேசிய இடமாகவும் இருக்கலாம் என்று இழுத்தார். எர்லண்டு ஒவ்வொருவரிடமும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டான். "அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. உள்ள ஆம்பள எவனாவது இருக்கானா?" அவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. பாவம், அவர்களில் யாரும் இங்கே பெண் எடுத்தவர்களில்லை.

கடைசியில் ஒருநாள் அவன் சொன்னான்: "தேவாலயத்துக்குப் போவோம். நீ வடக்கு வாசல் வழியா வெளிய போ, நான் தெற்கு வாசல் வழியா போறேன்." கல்லில் கோத்த கையை நாங்கள் பிரிப்பது அப்படித்தான்.

ஓஸ்லா கையைத் துடைத்துக்கொண்டாள். "போகலாம். முதல்ல நான் நின்ன பக்கம் நின்னு கையை விட்டுப் பாரு."

அவன் போய் நின்று கையை விட்டான். எதிரே யாருமில்லை, ஆனாலும் ஒரு கை பிடித்தது. சின்னக் கை, தோல் பதனிட்டுக் காய்ப்பேறிய விரல்கள், பெண் கை. பால் கறக்காத மாடுகள் கத்தத் தொடங்கியும் அவன் அங்கேயே நின்றான்.

"எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம்?"

தேவாலயத்துக்கு யாரும் போகவில்லை. அன்று முதல் எரிந்தது ஓஸ்லாவின் வயிறு. கையுறையைக் கழற்றி அவன் கையில் மாட்டினாள். அவன் வெண்ணெய் தின்னத் தொடங்கினான். இப்படி ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டே மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள்.

ஓர் இலையுதிர்காலப் புயலில் கடல் எர்லண்டைக் கொண்டுபோய்விட்டது. உடல் கரை சேரவில்லை. பிரார்த்தனை முடிந்ததும் ஓஸ்லா கறுப்பு உடையோடு நேரே வட்டத்துக்குப் போய்க் கையை விட்டாள். இரண்டு கைகள் பிடித்தன. பழைய குளிர்ந்த கை எப்போதும்போல் மரியாதையாக. மற்றது இறுக்கமாக, கட்டைவிரலில் தழும்போடு. வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், நாங்கள் பார்த்தோம். பிறகு சட்டென்று அழுகை நின்றது. என்னவோ யோசித்தாள்.

இப்போதும் பால் கறந்து முடித்ததும் தினமும் போகிறாள். தினமும் எதற்கு என்று பாதிரியாரின் மனைவி கேட்டாளாம்.

"எர்லண்டு எனக்கு ஒரு கையத்தான் குடுக்கறான்," என்றாள் ஓஸ்லா. "இன்னொரு கை யாருகிட்ட இருக்குன்னு நான் பாக்க வேணாமா?"

நியாயமான கேள்விதான் என்று ஊரில் எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம்.